மாமாவின் முன்பல்

பிள்ளைகளே, மாமாவின் ஓட்டைப்பல்லைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அதை உடைத்தவன் நான்தான்.

அலிபிரி ரோட்டுப் பட்டறையில், பழைய அம்பாசிடர் கார் ஒன்றுக்கு நானும் மாமாவுமே ஏசி செய்து மாட்டினோம். குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க அடைக்கும் நைட்ரஜன் வாயு தீர்ந்துபோயிருந்தது. எந்தக் காற்றானால் என்ன என்று வெல்டிங் ஆக்ஸிஜனை ஏசிக் குழாயில் மாட்டி, வால்வைத் திறக்கப் போனேன். மாமா ஓடிவந்து ஸ்பேனரால் என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்தது. ஆத்திரத்தில் இடது கையால் அவர் வாயிலேயே குத்தினேன்.

ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "கம்ப்ரசர்ல ஆயில் கீது, மாப்ள. ஆக்ஸிஜன் உட்டிருந்தா ஆயிலோட சேந்து வெடிச்சி, நம்ம ரெண்டு பேரையும் மூட்டையாத்தான் கட்டியிருப்பாங்க. சொல்லிக்கினு நிக்க நேரம் ஏது?"

என் கை கூடிவிட்டது. அவருக்குப் பல் முளைக்கவில்லை. இனிமேல் சிரிக்காதீர்கள்.