வயர் செருகியும் பேசாத இரண்டு கம்ப்யூட்டர்கள்

என் மனைவி டியூஷனை மறுபடி ஆரம்பிப்பாளா மாட்டாளா என்பது கொஞ்ச நாள் ஒரு நீல வயரின் கையில் இருந்தது. முழங்கால் ஆபரேஷனோடு நிறுத்தியிருந்தாள். திருநள்ளாற்றிலிருந்தும் அம்பகரத்தூரிலிருந்தும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து காரைக்காலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கணக்குப் போட்ட காலம் போய், பெற்றோர்கள்தான் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். "யோசிச்சு சொல்றேங்க" என்று எல்லோருக்கும் ஒரே பதில்.

அவள் வருஷக்கணக்காகத் தட்டிச் சேர்த்த கேள்வித்தாள்கள் அத்தனையும் பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. அதுவோ எந்த நேரமும் மண்டையைப் போடலாம் என்ற நிலையில் இருந்தது.

"அது போச்சுன்னா நானும் விட்டுடுறேங்க. திரும்ப முதல்லேருந்து அடிக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள், எனக்குப் பயமாகிவிட்டது.

பென் டிரைவ் செருகும் இடமெல்லாம் உப்புக்காற்றில் துருவேறிச் செத்துவிட்டது. கடைக்கு அனுப்ப அவள் சம்மதிக்கவில்லை. முன்பு ரிப்பேருக்குப் போன லேப்டாப் ஒன்று, துடைத்த கரும்பலகை மாதிரி திரும்பி வந்திருந்தது. இன்டர்நெட்டே வேண்டாம், பழையதற்கும் புதிதாக வாங்கிய லேப்டாப்புக்கும் நடுவே ஒரு வயர் போட்டால் இரண்டும் பேசிக்கொள்ளும் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்கள். "நான் பாத்துக்குறேன், விடு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இரண்டுக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்க வேண்டுமாம். ஒரே வீடுதானே என்று இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டேன்.

"ரெண்டு பிள்ளைக்கு ஒரே நம்பர் குடுத்தா யாரைங்க கூப்புடுறது?" என்றாள். மாற்றினேன். அதற்கப்புறம் வீடியோவில் மாஸ்க் என்று இன்னொரு எண் கேட்டார்கள், ஃபயர்வால் என்ற காவலைத் திறக்கச் சொன்னார்கள். எதைத் திறக்கிறேன், எதைப் பூட்டுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. புதிய லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தேடிக் கண்டுபிடித்தால், பழையதில் அது வேறு எங்கோ ஒளிந்திருந்தது. எல்லாம் செய்து முடித்தால், வயரே செருகவில்லை என்றது பழையது. கண்ணெதிரே செருகியிருக்கிறேன், இல்லை என்று சாதிக்கிறது! வேறு வயர் வாங்கி வந்தேன். அதற்கும் அதே பதில். கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்திய ஆள் நான்தான்.

சத்தம் கேட்டு டார்ச்சோடு வந்தவள், பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, இது சந்தனம்ல?"

பிளக்குக்கு எட்ட வேண்டுமென்று அந்தப் பெட்டியை முதுகு கூடத்தைப் பார்க்கத்தான் வைத்திருந்தோம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவள் தன் கண்ணுக்குத் தெரிந்த பக்கத்துக்குச் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறாள். வயர் போகும் துளைக்குள் அது வருஷா வருஷம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. நான் துரு என்று நினைத்திருந்தேன்.

"அங்கதான் பொட்டு வைக்க எடுப்பா இருந்துச்சு" என்றாள். சாமி கும்பிட்டவளை என்னவென்று திட்டுவது?

கரண்டை அணைத்துவிட்டுப் பல்குச்சியால் சுரண்டினேன். வயர் டக்கென்று உட்கார்ந்தது, பச்சை விளக்கு எரிந்தது. ஆனாலும் பாஸ்வேர்ட் கேட்டு அடம்பிடித்தது. ஆத்திரத்தில் கையில் அகப்பட்டதையெல்லாம் மாற்றினேன். திடீரென்று ஃபோல்டர் திறந்துகொண்டது. எதனால் திறந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. மறுபடி செய்யச் சொன்னால் என்னால் முடியாது.

கேள்வித்தாள்கள் ஒவ்வொன்றாக லேப்டாப்புக்கு வந்து சேரும்வரை அவள் உட்காரவே இல்லை. வலிக்கும் காலோடு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் ஒன்றைத் திறந்து கடைசிக் கணக்குவரை பார்த்தாள். உடனே போனை எடுத்தாள்.

"டீச்சர் பேசுறேங்க. பிள்ளைய திங்கக்கிழமையிலேருந்து அனுப்பி வைங்க."

டீச்சர் என்று அவள் தன்னைச் சொல்லிக்கொண்டு வெகுகாலம் ஆகியிருந்தது.