மடுவில் இறங்காத வலை

மேகாங் ஆறு வற்றும் கோடையில் மீன்களெல்லாம் எங்கள் தீவுக்கு அடியிலுள்ள ஆழமான மடுவில்தான் ஒதுங்கும். அங்கே அள்ளி அள்ளி, மழைக்காலத்தில்கூட வலைகள் வெறுமையாக வரத் தொடங்கியதும், இனி மடுவில் யாரும் பிடிக்கக்கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்தது. அதை மீறி முதலில் பிடிபட்டவர் என் வீட்டுக்காரர் தொங்லா. அபராதமாகப் பன்றி ஒன்று போனது. அப்புறம் காவலுக்கும் அவரையே நிறுத்தினார்கள். திருடன் கையிலேயே சாவி! நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மனிதர் மாறிவிட்டார். மீனும் பெருகியது, மழை வந்ததும் எல்லார் வலைக்கும் வந்தது. நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

இந்தக் கோடையில் எங்கள் மகள் புவாவுக்குக் குழந்தை பிறந்தது. எங்கள் வழக்கப்படி தணல்மேல் போட்ட மூங்கில் கட்டிலில் படுத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குச் செதில் இல்லாத மீன் ஆகாது. செதில் மீனோ மடுவைத் தவிரப் பக்கத்தில் எங்குமில்லை. உப்பும் சோறுமாகத் தின்று அவளுக்குப் பால் சுரக்கவில்லை. குழந்தை கத்திக்கொண்டே இருந்தது.

ஒரே ஒரு மீன் எடுங்கள் என்று கெஞ்சினேன். "நான் ஒண்ணு எடுத்தா ஊரே ஆளுக்கொண்ணு எடுக்கும்" என்று சொல்லிவிட்டு, தூரத்துச் சதுப்பில் தேட விடியுமுன் படகை எடுத்துக்கொண்டு போனார். நல்ல அப்பன்!

அடுத்த வீட்டுக் கியாங் வந்து என் தோளைத் தடவினாள். பச்சை உடம்புக்காரிக்கு எடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள், நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம் என்றாள். படகுக்காரன் பெங்கும் அதையே சொல்லிப் போனான். எனக்குக் கண் கலங்கியது. வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மடுக்கரையில் எனக்கு முன்பே கியாங் உட்கார்ந்திருந்தாள். மடியில் வலை. சற்றுத் தள்ளிப் பெங் படகோடு நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர்.

"நீங்க முதல்ல போடுங்கக்கா. அப்புறம் நாங்க பாத்துக்கிறோம்" என்றாள் கியாங்.

இவர்களுக்கா என் மகள்மேல் இரக்கம்? காவல்காரன் வீடே மடுவில் இறங்கிவிட்டால் அப்புறம் யார் யாரைத் தடுப்பது? போட்டிருக்கலாம், குழந்தையின் அழுகை காதிலேயே இருந்தது. ஆனால் கை எழவில்லை. வலையின்மேல் உட்கார்ந்துகொண்டேன். வெயில் ஏறி அவர்கள் ஒவ்வொருவராக முணுமுணுத்துக்கொண்டு போகும்வரை நகரவில்லை. பிறகு வீடுவரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன்.

சாயங்காலம் அவர் உள்ளங்கை அளவில் இரண்டு செதில் மீன் கொண்டுவந்தார். சுட்டுக் கொடுத்தேன். புவா முள்ளைக்கூட விடவில்லை.

அவர் வாசலில் கிடந்த வலையைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. என் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கும் சதுப்புக்குப் போங்க" என்றேன். "மடுவை நான் பாத்துக்கிறேன்."