இடுப்பில் ஒரு சரசரப்பு

இருமினால் வரும். தும்மினால் வரும். குனிந்து பெருக்கினால் வரும். சில நாள் சும்மா நின்றுகொண்டிருக்கும்போதே வந்துவிடும். ரொம்ப நாள் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒண்ணுக்கு நிற்கவில்லை என்று ஒரு பொம்பளை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

முதலில் பழைய நூல் புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். கூவம் கரையில் இருந்த எங்களை ஊருக்கு வெளியே குடியிருப்பில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கிருந்து மயிலாப்பூருக்கு வேலைக்கு வருவதற்குள் பஸ்ஸிலேயே துணி நனைந்துவிடும். நனைந்த துணி தொடையில் உரசிப் புண்ணாகும். வாடை தெரியாமல் இருக்க ஜன்னல் ஓரமாகப் பார்த்து உட்காருவேன். கறுப்பு, காப்பிக்கொட்டைக் கலர் தவிர வேறு புடவை கட்டுவதில்லை. நான் வேலை செய்யும் வீட்டில் கக்கூஸ் இரண்டு உண்டு. வேலைக்காரிக்கு இல்லை. அப்படி யாரும் சொன்னதில்லை, சொல்லாமலே தெரியும்.

அந்த வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கத்தான் முதலில் போனேன். பின்பக்கக் குழாயடியோடு என் எல்லை முடிந்துவிடும். பல வருஷம் கழித்து வீட்டுக்கார மாமிக்கு முட்டி வலி வந்தது. அப்போதுதான் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். காய் நறுக்க, தேங்காய் துருவ, மாவு அரைக்க. எங்கள் ஆட்களை அந்தத் தெருவில் அடுப்பண்டை விட்ட வீடு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். குளித்துவிட்டு வந்தாயா என்று மாமி தினம் கேட்பார். தினம் ஆமாம் என்பேன். அந்தச் சமையலறையிலிருந்து மறுபடி வெளியே போய்விடக் கூடாது. எனக்கு வேறு கவலை கிடையாது.

துணி இனி தாங்காது என்று ஆனபிறகு டி. நகரில் இறங்கி ஒரு மெடிக்கலுக்குப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. கூட்டம் குறையட்டும் என்று எதிரில் நைட்டி விற்கிறவனிடம் விலை கேட்கிற மாதிரி நின்றேன். அப்புறம் போய் மெல்லக் கேட்டேன்.

"பெரியவங்களுக்குப் போடற டயபர் கீதாபா?"

"யாருக்கு ஆயா?"

வாய் தானாகப் பொய் சொன்னது. "எங்க வூட்டுக்காரருக்கு. படுத்த படுக்கையா கீறாரு." அவர் செத்து எத்தனையோ வருஷம்.

"எழுந்து நடப்பாரா?"

"திரும்பிக்கூடப் படுக்க மாட்டாருபா."

"நல்ல உடம்பா?"

"ஆமாபா, நல்ல உடம்புதான்."

செத்தவரைப் படுக்கவும் போட்டு, சதையும் ஏற்றிவிட்டு, கறுப்புக் கவரை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

பாக்கெட் மேலே எல்லாம் இங்கிலீஷ். பிரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் டேப் ஒட்டுகிற சாமான். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் தாள். படுத்திருக்கிறவர்களுக்குத்தான் அது சரி. என் இடுப்பில் நிற்கவில்லை. பாவாடை நாடாவை இறுக்கி அதற்குள் அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். நின்றுகொண்டிருந்தவரை ஒன்றும் இல்லை. பீன்ஸ் நறுக்க அரிவாள்மணையில் உட்கார்ந்தேன். சரசர என்றது. நகர்ந்து உட்கார்ந்தேன். இன்னும் பலமாகச் சரசர என்றது.

"என்னடி சத்தம் அது?" என்றார் மாமி.

"ஒண்ணும் இல்ல மாமி."

"கவர் மாதிரின்னா சத்தம் வரது. இடுப்புல என்ன சொருகிண்டிருக்கே? முந்திரிப் பாக்கெட்டைக் காலம்பற இங்கதானே வெச்சேன்."

"ஐயோ, நான் எடுக்கல மாமி."

"எடுக்கலைன்னா காட்டு."

எழுந்து நின்றேன். எழும்போதும் சத்தம். திருடி என்ற பேரோடு போவதா, புடவையை விலக்கி இதைக் காட்டுவதா என்று தெரியவில்லை. மாமி கிட்டே வந்து என் இடுப்பைத் தடவினார். கையில் தடிமனாகத் தட்டுப்பட்டது.

"இந்த வயசுல தூரமாடி நோக்கு?"

தூரம் என்றால் அவர்கள் வீட்டில் மாதவிலக்கு. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"இல்ல மாமி. ஒண்ணுக்கு நிக்க மாட்டேங்குது."

மாமி அந்தக் கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு குழாய்க்குப் போனார். சோப்புப் போட்டுக் கழுவினார். நான் நறுக்கிய பீன்ஸைக் குப்பையில் கொட்டினார். முந்திரி மேல்தட்டில் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. அதையும் அவரேதான் பார்த்து முன்னால் நகர்த்தி வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதே. பெருமாளுக்குத் தளிகை பண்ற இடம். நாளைலேர்ந்து பாத்திரம் மட்டும் தேய், போறும்."

மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் என்னோடு தினம் வருகிறவள், அடையாறில் ஒரு வீட்டில் வேலை செய்கிறவள், ஏன் அழுகிறாய் என்று விடாமல் கேட்டாள். காதோடு காதாகச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அய்ய! முந்திரி நான்தான் எடுத்தேன்னு சொல்லிக்கினு போவறதுதானே யக்கா? நாலு திட்டு திட்டிட்டு உள்ளயே வெச்சினு இருக்கும்."

"சும்மா இரு. பக்கத்துல கேக்கப்போவுது."

"எங்க வூட்டம்மா ஜட்டி மாதிரி ஒண்ணு மாட்டிக்கினு பீச்சுல வாக்கிங்கே போவுது. துணி கணக்கா கீது, சத்தமே வராது. நீ இன்னாத்துக்குப் படுத்துக் கெடக்கறவனுக்கு வாங்கினே?"

அதே மெடிக்கலுக்குத்தான் மறுபடி போனேன். எனக்குத்தான் என்று சொன்னேன். பக்கத்தில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார்.

"நடப்பீங்களா ஆயா?"

"பறந்தா வந்தேன்?"

கடைக்காரர் சிரிக்காமல் என் இடுப்பைக் கண்ணால் அளந்து, ஜட்டி மாதிரி மாட்டுவதில் மீடியம் எடுத்தார். தொடையில் இடைவெளி இல்லாமல் பிடிக்க வேண்டும், பெரிதாக வாங்கினால் பக்கவாட்டில் ஒழுகும், புடவைக்குள் தெரியாது என்றார். தலை நிமிராமல் கேட்டுக்கொண்டேன். எல்லாம் அவர் சொன்னபடிதான் இருந்தது. உப்பலாகத் தெரியவில்லை. புண்ணும் ஆறியது. மத்தியானம் மாடவீதிப் பக்கம் கட்டணக் கழிப்பறைக்குப் போய், ஈரத்தரையில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழையதன் இரண்டு பக்கத்தையும் கிழித்து எடுத்துவிட்டுப் புதுசை மாட்டுவேன். பழையதைப் பேப்பரில் சுற்றி வீடுவரைக்கும் பையிலேயே கொண்டுபோவேன். அந்தத் தெருக் குப்பையில் போட்டால் யாராவது கிளறுவார்கள்.

என் இடத்தில் சமையலறைக்கு வந்த புது வேலைக்காரி நிலைக்கவில்லை. ஒருநாள் மாமி குழாயடிக்கு வந்தார்.

"அது நின்னுடுத்தா?"

நான் கையிலிருந்த சட்டியைப் பார்த்துக்கொண்டே, "நின்னுடுச்சு மாமி" என்றேன்.

"எங்கே, உட்கார்ந்து எழுந்திரு."

உட்கார்ந்தேன், எழுந்தேன். மாமி தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவையும் செய்தேன்.

"நான் பெருமாள்கிட்ட வேண்டிண்டிருந்தேன். கேட்டுண்டுட்டார் பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்ததும் என்னால் நிஜத்தைச் சொல்ல முடியவில்லை. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

இப்போது நான் சமையலறையில்தான் இருக்கிறேன். குளித்துவிட்டு வந்தாயா என்பதோடு மாமி இன்னொன்றும் கேட்கிறார், திரும்ப வரவில்லையே என்று. இல்லை மாமி என்கிறேன். சில நாள் அதைச் சொல்லும்போதே கீழே சூடாக இறங்கும். முகத்தை மாற்றாமல், இறங்கி முடியும்வரை காயை நறுக்கிக்கொண்டிருப்பேன்.