பின்னால் மூன்று, குறுக்கே ஒன்று

கிண்ணியாச் சந்தையில் மீன் விற்கிறவர்கள் சுஹைராவைக் கண்டதும் தாங்களாகவே செவுளைத் திறந்து காட்டிவிடுவார்கள். கேட்கும்வரை காத்திருந்தால் மற்ற வியாபாரம் கெட்டுவிடும். பால்மா பக்கெட்டின் திகதியை இரண்டு தரம் வாசிப்பாள். கேஸ் சிலிண்டரைத் தன் கையால் தூக்கிப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டாள்.

“இவளைத் துறைமுகத்தில காவலுக்குப் போட்டிருந்தா ஒரு ஊசிகூடக் களவு போயிராது,” என்று அவள் கணவர் முனாஸ் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டின் முன்பக்கத்தில் அவர்களுடைய குஷன் கடை. ஓட்டோ, வான், பஸ் என்று எதன் சீட் கிழிந்தாலும் அங்கேதான் வரும். அளவெடுப்பது, பூட்டுவது, வாடிக்கையாளரோடு கதைப்பது எல்லாம் முனாஸ். தைப்பது சுஹைரா. இருபத்திரண்டு வருடத் தையல். ஒவ்வொரு தையலின் முடிவிலும் பின்னால் மூன்று தையல் திரும்பிப் போய், குறுக்கே ஒன்று போட்டுத்தான் நூலை அறுப்பாள்.

“ஆரு பார்க்கப் போறாங்க?” என்பார் முனாஸ்.

“ஆரும் பார்க்காத இடத்திலதான் பிரியும்.”

அப்படிப்பட்டவளிடம்தான் முனாஸ் ஒரு மாதமாக ஜீப் கதை கதைத்துக்கொண்டிருந்தார். திருகோணமலை டவுனில் ஒரு சொகுசு ஜீப் விலைக்கு நிற்கிறதாம். வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு நிலாவெளி, குச்சவெளி ஹோட்டல்களுக்கு ஓடினால் ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் கிடைக்குமாம். விலை தொண்ணூற்றைந்து இலட்சம். சுஹைராவின் சீதன வயல் இரண்டரை ஏக்கரை விற்று, மிச்சத்தை லீசிங் கடனில் போடலாமாம்.

“மற்ற இடத்தில ஒண்டேகால் கோடி போற சாமானை இவன் ஏன் முப்பது இலட்சம் குறைச்சுக் குடுக்கிறான்?”

“வெளிநாடு போறானாம், புள்ள.”

“போறவன் கூட்டித்தானே கேட்பான்?”

முனாஸ் அதற்குள் எல்லாம் முடித்திருந்தார். வயல் வாங்குகிற ஆளையும் ஏற்பாடு செய்து, ஜீப்பைப் பார்க்கப் போகும் அன்றைக்கே மூன்று மணிக்கு, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் நேரமும் எடுத்திருந்தார். வயலின் காணி உறுதிப் பத்திரம் சுஹைராவின் கைப்பையில் இருந்தது. டவுனுக்குப் போகிற பஸ்ஸில் பையை அவள் மடியை விட்டு இறக்கவில்லை.

உள்துறைமுகப் பக்கத்தில் ஒரு வளவுக்குள் ஜீப் நின்றது. கறுப்பு. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. அவர்கள் வரும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“வாங்க நானா, வாங்க ராத்தா,” என்று அண்ணன், அக்கா முறை கொண்டாடிக்கொண்டு புரோக்கர் சஜீத் ஓடி வந்தான்.

“ஏன் தம்பி, சும்மா நிக்கிற ஜீப்பை ஓடவிட்டு வைச்சிருக்கீங்க?”

“ஏசி குளிரட்டும் எண்டுதான். உங்களுக்காகத்தான் ராத்தா.”

பதில் சட்டென்று வந்தது. கேள்வி வரும் என்று தெரிந்து வைத்திருந்த பதில் மாதிரி அவளுக்குப் பட்டது.

முனாஸ் டவுனிலிருந்து வீரக்குட்டி என்ற மெக்கானிக்கை அழைத்து வந்திருந்தார். அந்த மனிதர் வந்ததும் சஜீத்தின் தேத்தண்ணீருக்குச் சம்மதித்ததால் சுஹைரா அவரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தாள். அவர் ஒரு சின்னக் கருவியை வயரில் மாட்டி ஜீப்பைப் பரிசோதித்தார்.

“ஒரு பிழையும் காட்டேல்ல.”

முனாஸுக்கு முகமெல்லாம் பல்.

“பதினாறு வருசத்து வண்டி நானா. ஒண்டுமே காட்டேல்ல எண்டாத்தான் எனக்கு யோசனை. ஆரோ இப்பதான் பிழையெல்லாம் அழிச்சுப்போட்டு விட்டிருக்கினம்,” என்றார் மெக்கானிக்.

அவர் எஞ்சினை நிறுத்தினார். தேத்தண்ணீர் வந்தது. குடித்து முடிப்பதற்குள் ஜீப்பின் வலது பின்பக்கம், நோஞ்சான் மாடு படுப்பதுபோல மெல்ல மெல்ல இறங்கிவிட்டது.

“இது காத்துப் பையில நிக்கிற வண்டி. எஞ்சின் ஓடினாத்தான் நிமிரும்,” என்றார் வீரக்குட்டி. “பை ஒண்டுக்கு விலை இரண்டரை. ஒண்டு போனா மற்ற மூண்டும் பின்னாலயே போகும். காத்தடிக்கிற மோட்டருக்கு நாலு. டேர்போ போச்சுதெண்டா எட்டு. கியர்பெட்டியைக் கதைக்கவே வேண்டாம்.”

“கதையுங்க,” என்றாள் சுஹைரா.

“பதினைஞ்சு.”

“இலட்சமா?”

“ஓம் அக்கா. ரூவாய் எண்டா நானே வாங்கியிருப்பன்.”

“எல்லாம் ஒரே நாளிலயா உடையப்போகுது?” என்றார் முனாஸ். அவருடைய கண் ஜீப்பை விட்டு எடுபடவில்லை.

“அதுதானே நானா! வயசு போனா மனுசருக்கும் முட்டி நோகும்,” என்று சஜீத் கதவைத் திறந்துவிட்டான். “உள்ளுக்குப் பாருங்க. ஒறிஜினல் தோல் சீட். கம்பெனித் தையல். ஒரு கை பட்டதில்ல.”

தையல் என்ற சொல்லைக் கேட்டதும் சுஹைரா ஏறி உட்கார்ந்தாள். உள்ளே மூன்று வாசனைக் குப்பிகள் தொங்கின. ஒரு வண்டிக்கு மூன்று எதற்கு? அந்த வாசத்துக்கு அடியில் வேறொன்று கிடந்தது. போன வெள்ளத்தில் அவளுடைய வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்த நாற்றம் அவளுக்குத் தெரியும்.

கை தன்பாட்டில் சீட்டின் மடிப்புக்குள் போய், தையல் முடிகிற இடத்தைத் தேடியது. பின்னால் மூன்று. பெருவிரலை நகர்த்தினாள். குறுக்கே ஒன்று.

சுஹைரா அடுத்த மடிப்பையும் தடவினாள். அங்கேயும் அதுவே.

தை மாதம் ஒரு லொறிக்காரன் சாக்கில் கட்டிக்கொண்டு வந்த தோலும் ஸ்பொஞ்சும் ஞாபகம் வந்தன. சந்தன நிறத் தோல், மடிப்பெல்லாம் சேறு. ‘மூதூர்ப் பக்கத்து ஆளொருவர்ர வான் சீட்’ என்றான். ‘வான் சீட் இப்படி இராது’ என்று அவள் அன்றைக்கே சொன்னாள். ‘நமக்கென்ன, தைச்சுக் குடு’ என்றார் முனாஸ். ஒரு வாரம் கழுவிக் காயவைத்து, ஸ்பொஞ்சு மாற்றித் தைத்துக் கொடுத்தார்கள். இப்போது அதற்குக் கறுப்புச் சாயம் அடித்திருக்கிறார்கள்.

அடுத்து வந்த நினைப்புத்தான் அவளைச் சுட்டது. லொறிக்காரனோடு கதைத்தது முனாஸ். அப்படியென்றால் இவருக்கும் தெரியுமோ?

கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். முனாஸ், பெருநாளைக்கு வாங்கப் போகிற ஆட்டைத் தடவுவதுபோல ஜீப்பின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கள்ளமில்லாத முகம். ஆனால் மடியில் உறுதி இருக்கும்போது முகம் மட்டும் போதாது.

“இஞ்ச வாங்க. இந்தத் தையலைக் கொஞ்சம் பாருங்க.”

முனாஸ் குனிந்து தடவினார். “கம்பெனித் தையல் எண்டாக் கம்பெனித் தையல்தான் புள்ள. நம்மளால ஏலாது.”

அவளுக்கு நெஞ்சு ஆறியது. அதே கணத்தில் கோபமும் வந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்த மனிதர் அவளுடைய தையலை ஒரு தரமாவது உற்றுப் பார்த்ததில்லை.

பையிலிருந்து நூல் பிரிக்கும் கத்தியை எடுத்தாள்.

“ராத்தா! ராத்தா! என்ன செய்யிறீங்க? ஒறிஜினல்!” சஜீத் பதறினான்.

“நான் தைச்சதை நான் பிரிக்கிறன் தம்பி.”

நான்கு விரல் அளவு பிரித்துத் தோலைப் புரட்டினாள். கிழிந்த இடத்தைத் தாங்குவதற்கு உள்ளே ஒட்டுப்போட்ட துணி, பச்சையில் மஞ்சள் பூ.

முனாஸ் வாயைத் திறந்தபடி நின்றார். “இது நம்மட குசினித் திரையெல்லா! அடுப்படியில தொங்கினது!”

“ஓம். கம்பெனி அனுப்பினது.”

வீரக்குட்டி சிரித்துக்கொண்டே கோப்பையை வைத்துவிட்டு, பின்சீட் பெல்டை முடிந்தமட்டும் இழுத்தார். கடைசி ஒரு முழத்தில் மண்கறை கோடு பிடித்திருந்தது. “தண்ணி இதுவரை நிண்டிருக்கு நானா. உள்ள கிடக்கிற வயர் ஒவ்வொண்டா இனித்தான் சாகும். அதுக்கு என்னட்ட விலை இல்லை.”

“அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாது ராத்தா. நானும் ஏமாந்தனான்,” என்றான் சஜீத்.

உண்மையாகவும் இருக்கலாம். சுஹைராவால் முடிவுக்கு வர ஏலவில்லை. “இப்ப தெரிஞ்சிட்டுத்தானே. அடுத்து வாறவருக்குச் சொல்லுவீங்களா?”

சஜீத் கைப்பேசியைப் பார்த்தான்.

“அப்ப இதை நான் திருப்பித் தைக்கல்ல. வாறவங்க பார்க்கட்டும்,” என்று பூத்துணி வெளியே தெரிய விட்டுவிட்டு இறங்கினாள்.

திரும்பி வருகையில் பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் முனாஸ் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “நொத்தாரிசு நம்மளைப் பார்த்துக்கொண்டிருப்பார்,” என்றார்.

“போன் கோல் எடுத்து, வரல்ல எண்டு சொல்லுங்க.”

சொன்னார். பாலம் முடியும்போது தொண்டையைச் செருமினார். “கந்தளாயில ஒரு ஜீப் நிக்குதாம், புள்ள. மேட்டுப் பக்கமாம். தண்ணியே ஏறல்லயாம்.”

சுஹைரா பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

மறுநாள் முனாஸ் பின்னேர அஸர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றினாள். கடையில் அவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் கதிரையின் மெத்தையைப் பிரித்து, ஸ்பொஞ்சுக்கு நடுவில் வைத்து மூடித் தைத்தாள். பின்னால் மூன்று, குறுக்கே ஒன்று. அந்த இடத்தை அவர் தடவிப் பார்க்கமாட்டார் என்பதில் மட்டும் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

முனாஸ் வந்து உட்கார்ந்தார். இந்தப் பக்கம் அசைந்தார், அந்தப் பக்கம் அசைந்தார்.

“என்ன புள்ள, மெத்தை ஒரு மாதிரி இரிக்கு?”

“புது ஸ்பொஞ்சு,” என்றாள் சுஹைரா.