ஒரு பக்கம் எட்டடி வடிகால்

நான் மலையில் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, டெல்லியிலிருந்து வரும் மானியத்தில்தான் பாதி வேலை ஓடும். ஒரு வருஷம் அதற்குப் புது நிபந்தனை போட்டார்கள். பெரும்பகுதியைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டுமாம். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பாதி வருஷம் மழையில் ஊறிக் கிடக்கும் மலைக்கு வேண்டியது தடுப்புச் சுவர். மாநில அரசிடம் கேட்டால், "அதுதான் மத்திய நிதி வருதே" என்று கையை விரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை தவறாமல் ஓர் அம்மா வந்து என் மேசைமுன் நிற்பார். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் விரிசல் விட்டிருந்தது.

"அடுத்த மழைக்கு மேடு வூட்டுக்குள்ள வந்துருங்க ஐயா. வரி கட்டிட்டுத்தானே இருக்கேன்?"

எங்கள் பொறியாளர் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சேற்றுக்காலோடு உட்கார்ந்து ஒரு வரைபடம் போட்டார். சுகாதாரப் பணி: கழிவுநீர் வடிகால். வீட்டுப் பக்கச் சுவர் ஓரடி, மேட்டுப் பக்கச் சுவர் எட்டடி.

"ஏனுங்க, இது வடிகாலுங்களா?" என்றேன்.

"தண்ணி போகுமில்லீங்க?"

குடித்த டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. வரைபடத்தைக் கோப்பில் வைத்து அன்றைக்கே மேலே அனுப்பினேன்.

வேலை முடிந்ததும் சமவெளியிலிருந்து தணிக்கை அதிகாரி வந்தார். டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, "இந்தப் பக்கம் மட்டும் ஏன் சார் எட்டடி?" என்றார்.

நாங்கள் வாயைத் திறப்பதற்குள், வாசலில் நின்ற அந்த அம்மா பதில் சொன்னார். "அந்தப் பக்கந்தானே ஐயா மலை இருக்கு?"

அதிகாரி மேட்டை அண்ணாந்து பார்த்தார். விரிசலையும் பார்த்தார். பிறகு, 'வடிகால் பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை, மேடு சரிந்துவிட்டது என்று சேதி வந்தது. குடைகூட எடுக்காமல் ஓடினேன். சரிந்த மண் முழுக்க எட்டடிச் சுவருக்குப் பின்னால் நின்றது. கொஞ்சம் மட்டும் வழிந்து வடிகாலில் கிடந்தது. வீட்டுக்குள் யாரோ ரொட்டி சுடும் வாசனை.

அந்த அம்மா இடுப்பில் கைவைத்து வாசலுக்கு வந்தார்.

"என்னாங்க ஐயா வடிகால் கட்டியிருக்கீங்க? பூரா மண்ணு அடைச்சிக்கிருச்சு. ஆள் அனுப்புங்க!"

அலுவலகத்துக்குத் திரும்பிப் புகார்ப் பதிவேட்டில் அதை எழுதினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் புகாரையும் எழுதியதில்லை.