மருந்து மாறியதை மறைக்காத மருமகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அடுத்தவன் லாரியைக் கழுவுவதில் தொடங்கி, சொந்த லாரிகளை ஓட்ட ஆள் வைக்கிற அளவுக்கு வந்தேன். என்னைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனாலும் இது என் மருமகளைப் பற்றியது. அவள் நர்ஸ். வாய் அதிகம் பேசாது, பேசினால் உண்மையைத்தான் பேசும். வேலை தேடுகிறவளுக்கு இதைவிடப் பெரிய வியாதி கிடையாது.

அவள் முதலில் இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல பழக்கம். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள், வருகிறவர்களுக்கு உதவியாக ஊசி மருந்தையெல்லாம் முன்கூட்டியே சிரிஞ்சில் ஏற்றி, கட்டில் எண் ஒட்டி, ட்ரேயில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் ஏசி சொட்டுகிறது என்று ஒரு நோயாளி அடம்பிடித்து, பக்கத்துக் கட்டில்காரரோடு இடம் மாற்றிக்கொண்டார். ட்ரேக்கு அது எப்படித் தெரியும்? இவளும் எண்ணைப் பார்த்து, பெயரைக் கேட்காமல், வலிக்கான ஊசியை வலியே இல்லாதவருக்குப் போட்டுவிட்டாள். தெரிந்த உடனே தானே ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் வந்து பக்கத்திலேயே இருந்து கவனித்தார். அந்த மனிதர் அயர்ந்து தூங்கி எழுந்து, இப்படித் தூங்கி வருஷக்கணக்காகிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரி பாராட்டவில்லை. விசாரணை வைத்தது. பெரியவர்கள் உட்கார்ந்து டீ குடித்து, இரண்டு உண்மைகளைக் கண்டுபிடித்தார்கள்: தப்பு இவளுடையது, முன்கூட்டியே மருந்து ஏற்றும் பழக்கம் இங்கே இல்லவே இல்லை. மறுநாள் காலையிலும், இல்லாத அந்தப் பழக்கப்படி ட்ரே தயாராக வந்தது. இவளுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்க மறந்துபோனார்கள். பாவம், வேலை அதிகம்.

பிறகு வேலை தேடும் படலம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், உங்கள் மேல் விசாரணை ஏதாவது நடந்ததா என்று கேட்டார்கள். ஒன்றில் வாசலிலேயே ‘நேர்மையே எங்கள் மூச்சு’ என்று ஆளுயரத்தில் எழுதியிருந்தது. இவள் அதை நம்பி எல்லாவற்றையும் சொன்னாள். போன் பண்ணுகிறோம் என்றார்கள். இன்னும் நம்பரை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள் போல.

என் மகன் படித்தவன், அதனால் பயந்தவன். கொஞ்சம் மழுப்பிச் சொல்லலாமே என்று இழுத்தான். எனக்கு மழுப்பல் எல்லாம் வராது. “இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாம்மா, இதுக்குப் போயி” என்றேன்.

“பழைய எடத்துக்கு ஒரு போன் போட்டா தெரிஞ்சிடும் மாமா. இப்ப தப்பு பண்ணவ மட்டும்தான். அப்புறம் பொய் சொன்னவளும் ஆயிடுவேன்” என்றாள்.

எனக்கு எதிரே நின்று பதில் சொல்லி ஜெயித்தவர்கள் குறைவு. சரி என்று அடுத்த நேர்காணலுக்கு நானே காரில் அழைத்துப் போனேன். இதுவும் போனால் நர்ஸ் வேலையே வேண்டாம், துணிக்கடைக்குப் போகிறேன் என்று வழியில் சொன்னாள். கதவு திறந்தே இருந்ததால் வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. வழக்கமான கேள்வி வந்தது, வழக்கம்போல் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். பெயர் கேட்காதது தன் தப்பு என்பதையும் சேர்த்துத்தான்.

கேள்வி கேட்ட தலைமை நர்ஸம்மா, “இங்கயும் ட்ரேலதான் வருது. என்ன பண்ணுவே?” என்றார்.

“கொட்டிட்டு நானே புதுசா ஏத்துவேன் மேடம். பேரு கேட்டுட்டுத்தான் போடுவேன்.”

“கூட இருக்கிறவங்க சும்மா விடமாட்டாங்க.”

“தெரியும் மேடம்.”

“நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கேக்க மாட்டேங்கறாங்க. திங்கக்கெழமை வந்துடு.”

சேர்ந்தாள். சொன்னபடியே செய்தாள். மருந்து வீணாகிறது என்று பெரிய சண்டை. யாரும் இவளோடு சாப்பிட உட்காரவில்லை. ‘விசாரணைக்காரி’ என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டு என் வீட்டுக்காரி கொதித்துப்போய், ஆஸ்பத்திரிக்கே போய் நாலு கேள்வி கேட்கிறேன் என்று கிளம்பினாள்.

மருமகள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “விடுங்க அத்தை. இன்னிக்கி ட்ரே காலியா வந்துச்சு.”