ஐந்து மணிக்குள் திரும்பும் வண்டி

வாடகைக் கார் ஸ்டாண்டில் அவளுக்குக் 'கண்ட்ரோல் ரூம்' என்று பெயர். அவள் ஒருநாளும் ஸ்டாண்டில் கால் வைத்ததில்லை. ஆனால் அவள் கணவர் அங்கே வண்டியை நிறுத்திய இரண்டாவது நிமிடம் அவருடைய போன் அடிக்கும். "தண்ணி பாட்டில் நாலும் வெச்சீங்களா? அந்தப் பெரியம்மாவுக்கு ஏசி ஆகாதாம், ஞாபகம் இருக்கட்டும்." பக்கத்தில் நிற்கும் டிரைவர்கள் விடமாட்டார்கள். "அண்ணே, கண்ட்ரோல் ரூம் பேசுது. விறைப்பா நின்னு பதில் சொல்லுங்க."

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. நிதானம். பதினான்கு வருடம் பள்ளி வேன் ஓட்டியவர். குழந்தைகளை ஏற்றிப் பழகிய கால், ஆக்சிலேட்டரை அதட்டி மிதிக்காது. வேன் வேலையை விட்டுச் சொந்தமாகக் கார் வாங்கிய பிறகும் அந்தக் கால் மாறவில்லை.

காரை ஓட்டியது அவர் என்றால், அந்தக் காரில் போகும் நாட்களை விற்றது அவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு லாட்ஜில் டெலிபோன் எடுக்கும் வேலை பார்த்தவள். லாட்ஜை மூடியபோது அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்தக் குரலை மட்டும்தான். சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் இரண்டு போன், ஒரு நோட்டு, மூடி தொலைந்த ஒரு பேனா. வெளியூரிலிருந்து யார் கூப்பிட்டாலும் அதே இனிப்பு, அதே நிதானம். "பிளான் எதுவுமே வேண்டாங்க. காலையில எழுந்து எங்க போகணும்னு தோணுதோ அங்க போங்க. பிடிச்ச இடத்துல ரெண்டு மணி நேரம் உக்காருங்க, பிடிக்கலைன்னா கிளம்புங்க. வண்டியும் டிரைவரும் உங்களோடதான். ஒருத்தரும் உங்களை அவசரப்படுத்த மாட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் ஆட்கள் மயங்கினார்கள். ஏரி, கோட்டை, அருவி, மலை என்று நான்கைந்து இடங்கள்தான் இருந்தன. அவற்றை எந்த வரிசையில் பார்ப்பது என்பதைப் பயணிகள் கையில் கொடுத்துவிட்டதுதான் அவளுடைய சாமர்த்தியம். தங்கள் இரண்டு பெண்களையும் படிக்க வைத்து அனுப்பியதும் அந்தச் சாமர்த்தியமும் அவருடைய நிதானமும்தான்.

ஒரு வருடமாக அதில் ஏதோ இடறியது.

முதலில் ஒரு மாமி போனில் சொன்னார். "டிரைவர் தங்கமான மனுஷன்மா. ஆனா நாலரை ஆனதும் கிளம்பலாமா, கிளம்பலாமான்னு நச்சரிச்சுட்டார்." இன்னொரு நாள் ஒருவர், ஏரிக்கரையில் விளக்கு போடுவதைப் பார்க்க ஆசைப்பட்டதாகவும், மழை வரும் என்று டிரைவர் கூட்டி வந்துவிட்டதாகவும் சொன்னார். அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். எந்தப் பயணம் எங்கே தொடங்கினாலும் ஐந்து மணிக்குள் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வருவதோ ஏழு மணிக்கு. கேட்டால், "ஸ்டாண்டுல பேசிக்கிட்டு இருந்தேன்" என்பார்.

சீட்டாட்டம் என்று முடிவு செய்தாள். குடியாக இருக்காது, வாசனை தெரிந்திருக்கும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சிநேகிதக் கூட்டம் சேர்ந்திருக்கிறது, அதற்காகப் பயணிகளை ஆடு மாடு மாதிரி ஓட்டிக்கொண்டு வருகிறார். நாலு பேரிடம் குழைந்து குழைந்து பேசி அவள் பிடித்துத் தருவதை இவர் உட்கார்ந்த இடத்தில் கெடுத்துக்கொண்டிருக்கிறார். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அம்மாவும் மகளும் மூன்று நாளைக்குக் கார் கேட்டார்கள். முதல் இரண்டு நாள் முடிந்ததும் மகள் கூப்பிட்டாள். படித்த, சுருக்கமான பேச்சு.

"மேடம், எங்க விருப்பப்படி போகலாம்னுதானே சொன்னீங்க? மலை உச்சியில சூரியன் மறையறதைப் பார்க்கணும்னு அம்மா ரெண்டு நாளா கேக்கறாங்க. டிரைவர் அண்ணா பிடி கொடுத்தே பேச மாட்டேங்கறார்."

"நாளைக்குக் கண்டிப்பா பார்ப்பீங்க," என்றாள் அவள். "நான் பொறுப்பு."

அன்றிரவு சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு மலைக்குப் போறீங்க. சூரியன் மறைஞ்ச பிறகுதான் இறங்கறீங்க. வாக்குக் கொடுத்துட்டேன்."

அவர் நிமிரவில்லை. "காலையில போனா மூடுபனி அழகா இருக்கும். அதைச் சொல்லிப் பாரேன்."

"அவங்க கேட்டது மூடுபனி இல்ல. உங்க சீட்டுக் கச்சேரியை ஒருநாள் தள்ளி வெச்சா குடி முழுகிடாது."

"சீட்டா?" என்று அவர் நிமிர்ந்தார். எதையோ சொல்ல வந்த முகம். பிறகு, "சரி" என்று மட்டும் சொல்லித் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்தச் 'சரி'யை அவள் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாள்.

காலையில் அவர் முன்கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே போய் வேறு துணி எடுத்து வந்து மறுபடி துடைத்தார். "தேஞ்சிடப் போகுது, விடுங்க" என்று அவள் ஜன்னலிலிருந்து கேலி செய்தாள். அவர் சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

மாலை ஐந்து மணி சுமாருக்கு வாசலில் ஹார்ன் கேட்டது. ஒருமுறை அல்ல, நான்கு முறை. அதிலேயே வந்தது யார் என்று தெரிந்துவிட்டது. ஸ்டாண்டிலேயே வயதில் சின்ன டிரைவர், காலியான தெருவிலும் ஹார்ன் அடிக்காமல் ஓட்டத் தெரியாதவன். அதனால் அவன் பெயரே ஹார்ன்.

"அண்ணி, அண்ணன் வந்துட்டாரா? ஆறு மணி ஸ்டேஷன் சவாரிக்கு அவர் வண்டி சாவியை வாங்கணும்."

"அவர் வண்டியை நீ எதுக்குப்பா எடுக்கறே?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சும்மா... ஒரு மாத்துதான் அண்ணி. சாயங்காலம் அவருக்கு வர்றதை நான் ஓட்டுவேன். பகல்ல எனக்கு வர்றதை அவர் ஓட்டுவாரு. அவர் எங்க?"

"மலைக்குப் போயிருக்கார். சூரியன் மறைஞ்சுதான் இறங்குவார்."

அவன் முகம் வெளுத்ததை அவள் கண்ணால் பார்த்தாள்.

"யார் அனுப்பினது?"

"நான்தான்."

"அண்ணி..." அவன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டான். "இருட்டினா அண்ணனுக்குக் கண்ணு தெரியாது அண்ணி. ஒரு வருஷமாச்சு. சத்தியம் வாங்கிக்கிட்டார், யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு. ஸ்டாண்டுல எனக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி அவர் வண்டியை நான்தான் ஓட்டிக்கிட்டு வந்து வீட்டு முனையில கொடுப்பேன்."

அவள் போனை எடுத்தாள். லாட்ஜ் நாட்களிலிருந்து எண்களைப் பார்க்காமலே அழுத்தும் விரல்கள் இரண்டு தடவை தப்பு எண்ணுக்குப் போயின. அவருக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. கார் எடுத்திருந்த அந்த மகளுக்கு அடித்தாள். அதுவும் அப்படியே. மலையில் பாதிக்கு மேல் சிக்னல் கிடைக்காது என்று எத்தனையோ பயணிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தவள் அவள்தான்.

"ஏறுங்க அண்ணி," என்றான் ஹார்ன்.

மலைப்பாதை இருபத்திரண்டு வளைவு. அந்த எண்ணை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்து அடித்து அவன் ஏற்றினான். பள்ளத்துப் பக்கம் முழங்கால் உயரச் சுவர்தான். சில இடங்களில் அதுவும் இல்லை, வெறும் கல். அவர் எத்தனை முறை இங்கே வந்திருக்கிறார், ஒருமுறைகூட அவள் வந்து பார்த்ததில்லை. மரங்களுக்கு மேல் வானம் செம்மண் நிறமாகி, சாம்பலாகி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சாம்பலும் போய்விட்டது.

பதினாறாவது வளைவுக்கு மேலே ஒரு கார் இறங்கி வந்துகொண்டிருந்தது. நான்கு பக்க விளக்கும் மின்னிக்கொண்டு, எறும்பு ஊர்வதுபோல. பின்னால் ஏழெட்டு வண்டிகள் பொறுமையிழந்து தொடர்ந்தன. அந்த மெதுவைப் பார்த்ததுமே அவர்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வெளிச்சம் பட்டபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது அந்த மகள். உதடு இறுகி, இரண்டு கையும் விறைத்து. பக்கத்து சீட்டின் நுனியில் அவர். கண்ணாடி இறக்கிவிட்டிருந்ததால் அவர் குரல் கேட்டது. "இப்ப வலது. இன்னும் வலது. பயப்படாதீங்கம்மா, சுவர் இருக்கு. அடுத்தது குறுகல், ரெண்டாவது கியர்லயே இருங்க." வேன் குழந்தைகளிடம் பேசும் குரல்.

ஹார்ன் தன் காரை அகலமான இடத்தில் ஓரங்கட்டிப் பூட்டிவிட்டு, அந்தப் பெண் இறங்கிய சீட்டில் ஏறிக்கொண்டான். அவள் பின்னால் தாய்க்கும் மகளுக்கும் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாய்தான் பேசிக்கொண்டே வந்தார். "சூரியன் அருமையா தெரிஞ்சுதும்மா. எந்தப் பாறையில நின்னு பார்க்கணும்னு டிரைவர் தம்பிதான் காட்டினாரு."

தங்கும் விடுதி வாசலில் தாயை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு மகள் அவளிடம் வந்தாள்.

"வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். லைட்டைப் போட்டார். அப்புறம் ஆஃப் பண்ணிட்டு, உங்ககிட்ட லைசென்ஸ் இருக்காம்மான்னு கேட்டார். நான் மலையில ஓட்டினதே இல்ல மேடம். போன்ல நீங்கதானே பேசினீங்க? பொறுப்புன்னு சொன்னீங்களே. இவருக்குக் கண்ணு தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுங்க," என்றாள் அவள். உண்மைதான். ஆனால் அது டெலிபோன் குரலில் வந்தது. அந்தப் பெண் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுப் படியேறிப் போனாள்.

வீட்டில் அவள் விளக்கைப் போட்டாள். இனி எதையும் மறைக்கத் தேவையில்லை என்பதுபோல அவர் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"மேல எத்தனை வண்டி நின்னுச்சு?"

"பத்து இருக்கும்."

"பத்து டிரைவர். ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?"

"எல்லாம் ஸ்டாண்டு ஆளுங்க. தெரிஞ்சா, நாளைக்கு யாராவது என் வண்டியில ஏறுவாங்களா?"

"அதுக்காக அந்தப் பொண்ணு கையில கொடுத்தீங்களா? உருண்டிருந்தா?"

"ஒவ்வொரு வளைவையும் நான் சொல்லிக்கிட்டேதான் வந்தேன்." பிறகு மெதுவாக, "முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருந்தா வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பே" என்றார்.

"சொல்லியிருப்பேன்தான்."

"அதான் சொல்லல."

அவளுக்கு அழ வேண்டும்போல இருந்தது. அவளே வாக்குக் கொடுத்து, அவளே சீட்டுக் கச்சேரி என்று குத்திக்காட்டி, அவளே மலைக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறாள். அந்த நினைப்பு அழவும் விடவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு குடும்பத்துக்குக் கோட்டையைச் சுற்றிக்காட்ட வேண்டும். ஏழு மணிக்கே அவர் குளித்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"பகல்ல ஒண்ணும் பிரச்னை இல்ல. டாக்டரே சொல்லியிருக்கார்."

"என்ன சொன்னார்? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

"ராத்திரியில தெரியாது. பகல்ல ஓரம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும். நடுவுல நல்லா தெரியும்." அவர் சுவர்க் காலண்டரைக் காட்டினார். "வேணும்னா அதுல இருக்கற பொடி எழுத்தைப் படிக்கட்டுமா?" படித்தார். ஒரு எழுத்து பிசகவில்லை.

"அதையே பாத்துக்கிட்டு இருங்க. திரும்பாதீங்க."

அவள் அவருடைய தோளுக்குப் பக்கத்தில் போய் நின்று, கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். ரோட்டில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால் எங்கே இருக்குமோ, அங்கே. ஜன்னல் வெயில் விரல்களின் மேல் பளிச்சென்று விழுந்தது.

"எத்தனை விரல்?"

அவர் காலண்டரைப் பார்த்தபடியே காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "முதல்ல கையை நீட்டு, சொல்றேன்" என்றார்.

அவள் அந்தக் கையை உடனே கீழே போடவில்லை. போட்டால் அவருக்குத் தெரிந்துவிடும் என்பதுபோல அப்படியே வைத்திருந்தாள். பிறகு மேஜைக்குப் போய்ப் போனை எடுத்தாள். முதலில் ஹார்னிடம் பேசினாள். பிறகு அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டாள். "வண்டி அதேதாங்க. டிரைவர் மட்டும் வேற. ஆமா, எத்தனை மணி ஆனாலும் இருப்பார்." குரல் ஒரே இடத்தில்தான் தடுக்கியது.

அவர் நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பயலுக்குக் கோட்டைக்குப் பின்பக்கமா ஏறுற வழி தெரியாது," என்றார். "நான் பக்கத்து சீட்டுல உக்காந்து சொல்லட்டுமா?"

அவள் நோட்டைப் பார்த்தாள்.

"அவங்க நாலு பேருங்க. இடம் இருக்காது."

அவர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, மேஜை விளிம்பை இன்னொரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு வைத்தார்.

"மூணாவது கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும்," என்றார். "அதட்ட வேண்டாம்னு அவன்கிட்ட சொல்லு."